கம்பியால் ஓஸ் இறுக்கும் கைக்கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிணற்றடியிலும் மோட்டார் அறையிலும் ஓஸ் குழாய்களைக் கம்பியால் கட்டிக் கொடுக்கும்போது, அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான சந்தேகங்களையே எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கருவியைச் செய்வது எளிது. கம்பியைக் கட்டும் முறையில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஆகவே அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது என்ன கருவி? பார்க்க வெறும் போல்ட் மாதிரிதானே இருக்கு?

போல்ட்டேதான். ஒரு போல்ட், ஒரு நட்டு, ஒரு வாஷர், துளையிட்ட ஓர் இரும்புப் பட்டை ஆகியவை மட்டுமே இதில் இருக்கின்றன. இரண்டாக மடித்த கம்பியை ஓஸின் மேல் சுற்றி, அதன் இரு முனைகளையும் மடிப்பில் உண்டாகும் கண்ணிக்குள் நுழைத்து, போல்ட்டின் நுனியால் கண்ணியை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே முனைகளை எதிர்ப்பக்கம் இழுப்பதுதான் இதன் வேலை. நட்டைத் திருகத் திருகப் பட்டை பின்னோக்கி நகர்வதால், அதில் கட்டியுள்ள கம்பி இழுபடுகிறது.

போதுமான அளவு இறுகியதும் கருவியை அப்படியே தலைகீழாகப் புரட்டினால், முனைகள் கண்ணியின் மேல் மடிந்து கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அதன்பிறகு கருவியைக் கழற்றிவிடலாம். கம்பி மட்டும் ஓஸில் நிற்கும். கீழே வரும் விடைகளில் கண்ணி என்பது மடிப்பையும், வால் என்பது கம்பியின் இரு முனைகளையும், மூக்கு என்பது போல்ட்டின் நுனியையும் குறிக்கும்.

கடையில திருகு கிளிப் கிடைக்குதே, அதை வாங்கிப் போட்டுட்டுப் போகாம இதை ஏன் செய்யணும்?

கிடைக்கிற இடத்தில், சரியான அளவில் கிடைத்தால், தாராளமாக அதையே வாங்கிப் போடுங்கள். பட்டையில் வரி வெட்டித் திருகாணியால் இறுக்கும் அந்தக் கிளிப், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாக இருந்த லம்லி ராபின்சன் 1921-இல் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது. நூறு ஆண்டுகளாக அது நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மீண்டும் மீண்டும் கழற்றி மாட்ட வேண்டிய இடத்தில் அதுவே சிறந்தது.

கம்பிக் கட்டின் பலம் வேறு இடத்தில் தெரியும். ஒரே சுருள் கம்பியால் அரை அங்குல ஓஸையும் கட்டலாம், நான்கு அங்குல ஓஸையும் கட்டலாம். இரவில் நீர் பாய்ச்சும்போது ஓஸ் பிடுங்கிக்கொண்டால் அளவு தேடிக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. திருகாணித் தலை துருத்திக்கொண்டு நிற்காததால், ஓஸை வரப்பின் மேல் இழுத்துச் செல்லும்போது எதிலும் மாட்டாது. மலிவான கிளிப்புகளில் பட்டை நன்றாக இருந்தாலும் திருகாணி துருப்பிடித்து இறுகிவிடும். இதில் துருப்பிடித்து இறுகுவதற்குத் திருகாணியே இல்லை.

குறடால கம்பியை முறுக்கினாலே போதுமே?

போதாது. குறடால் முறுக்கும்போது இழுவை முழுவதும் முறுக்கு விழும் ஓரிடத்திலேயே சேர்கிறது. கம்பி அங்கே நெளிந்து பலமிழக்கிறது. இன்னொரு சுற்று முறுக்கலாம் என்று நினைக்கும்போது அறுந்துவிடுகிறது. மேலும், முறுக்கு விழும் இடத்தில் ஓஸுக்கும் கம்பிக்கும் நடுவே சிறு முக்கோண இடைவெளி ஒன்று எப்போதும் இருக்கும். ஒழுகல் தொடங்குவது அங்கேதான். இந்தக் கருவி கம்பியை முறுக்காமல் நேராக இழுக்கிறது என்பதே அடிப்படை வேறுபாடு.

என்னென்ன சாமான் வாங்கணும்? எப்படிச் செய்யறது?

8 மி.மீ. கனமும் 100 மி.மீ. நீளமும் உள்ள போல்ட் ஒன்று, அதற்குரிய நட்டு ஒன்று, வாஷர் ஒன்று, 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டையில் 60 மி.மீ. துண்டு ஒன்று. போல்ட் வாங்கும்போது தலைவரை மரை உள்ளதாக, அதாவது ஃபுல் திரெட் என்று கேட்டு வாங்குங்கள். பாதி மரை போட்டதில் நட்டு நடுவிலேயே நின்றுவிடும்.

பட்டையின் நடுவில் 8.5 மி.மீ. துளை ஒன்றும், அந்த மையத்திலிருந்து இருபுறமும் 18 மி.மீ. தள்ளி 2.5 மி.மீ. துளைகள் இரண்டும் போடுங்கள். நடுத்துளை போல்ட் வழுக்கிச் செல்வதற்கு. சிறு துளைகள் வால்களுக்கு. இந்த 18 மி.மீ. தூரத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால், நட்டைத் திருகும் 13 மி.மீ. ஸ்பேனரின் தலை கம்பியில் இடிக்கும். சிறு துளைகளின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். கூர்மையாக விட்டால் கம்பி அங்கே வெட்டுப்படும்.

அடுத்தது மூக்கு, கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது. போல்ட்டை வைஸில் பிடித்து, நுனியின் குறுக்கே 3 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் அறுங்கள். ஆக்சா பிளேடு ஒன்றால் அறுத்தால் பள்ளம் ஏறக்குறைய 1 மி.மீ. அகலமே வரும், கம்பி உட்காராது. இரண்டு பிளேடுகளைச் சேர்த்துச் சட்டத்தில் மாட்டி அறுத்தால், கொஞ்சம் அரம் போட்டாலே 1.6 மி.மீ. கம்பி உட்காரும் அகலம் வந்துவிடும். பிறகு பள்ளத்தின் இரு வாய்ப்புறங்களிலும் அரம் போட்டு நுனியை 5 அல்லது 6 மி.மீ. அகலத்துக்குக் குறைத்தால் அது கண்ணிக்குள் எளிதாக நுழையும். ஓஸைத் தொடும் அடிப்புறத்தை உருட்டி வழவழப்பாக்குங்கள். கடைசியில் நுனிப் பக்கமிருந்து முதலில் பட்டையையும், அதன்பின் வாஷரையும், அதன்பின் நட்டையும் கோத்துவிட்டால் கருவி தயார். நட்டு மூக்குப் பக்கமும், பட்டை போல்ட் தலைப் பக்கமும் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மாற்றிக் கோத்தால் கருவி இழுக்காது.

வெல்டிங் ஏதும் வேணுமா?

வேண்டாம். துளை போடும் வசதி வீட்டில் இல்லையென்றால் பட்டையை மட்டும் லேத் பட்டறையிலோ கதவு கிரில் செய்யும் பட்டறையிலோ கொடுத்து மூன்று துளைகளைப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். மற்ற அனைத்தும் ஆக்சாவும் அரமும் கொண்டு முடிகிற வேலையே.

எந்தக் கம்பி நல்லது? கட்டடத்துக்குக் கட்டுற கட்டுக்கம்பி ஆகுமா?

கட்டுக்கம்பி வளைந்து கொடுக்கும் குணத்தால் கட்டுவதற்கு இதமானது. கை பழகுவதற்கு அதைவிட நல்ல கம்பி இல்லை. ஆனால் பூச்சு இல்லாத கறுப்புக் கம்பி ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிலத்தில் நிற்க வேண்டிய கட்டுக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியே தகும். ஒரு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஓஸுக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ.; அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள்.

உப்புத் தண்ணீர் ஓடும் இடத்திலும் உரம் கலந்து பாய்ச்சும் இடத்திலும் எஸ்.எஸ். கம்பி, அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, நீண்ட நாள் நிற்கும். ஆனால் அது இழுக்க இழுக்கவும் வளைக்க வளைக்கவும் கெட்டிப்படும் உலோகம். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒடியும். அலுமினியக் கம்பிக்கு இந்த வேலைக்கான பலம் இல்லை. வேலிக்கு இழுக்கும் விறைப்பான கம்பி மடித்த இடத்தில் நிற்காமல் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். இவை இரண்டும் வேண்டாம்.

ஒரு கட்டுக்கு எவ்வளவு நீளம் வெட்டணும்?

ஓஸின் வெளிச்சுற்றளவை நூலால் அளந்து, அதை இரண்டால் பெருக்கி, 18 செ.மீ. கூட்டி, வரும் தொகையை மறுபடி இரண்டால் பெருக்குங்கள். முதல் இரண்டு, ஓஸை இருமுறை சுற்றுவதற்கு, 18 செ.மீ., கருவியைக் கடந்து பட்டையில் சுற்றிக்கொள்வதற்கு. கடைசி இரண்டு, கம்பி மடிக்கப்பட்டிருப்பதற்கு. வெளிவிட்டம் 32 மி.மீ. உள்ள ஓஸின் சுற்றளவு 10 செ.மீ. ஆகையால் 76 செ.மீ. வருகிறது, 80 ஆக வெட்டுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் பார்த்து வால் குறைந்துபோனால் முழுக் கட்டும் வீண்.

சரி, இப்ப கட்டறது எப்படின்னு ஒவ்வொரு படியாச் சொல்லுங்க.

முதலில் ஓஸை ஓஸ் காலரின் மேல், அதாவது ஓஸ் மாட்டுவதற்காக முள்போன்ற வரிகள் போட்ட குழாய் முனையின் மேல், முழுவதும் ஏற்றுங்கள். கட்டு விழும் இடம் காலரின் முள்வரிகளுக்கு மேல் இருக்க வேண்டும். ஓஸின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி இருப்பது நல்லது. வெட்டிய கம்பியைச் சரிபாதியில் மடியுங்கள். கண்ணி உங்கள் வலப்பக்கம் பார்க்குமாறு ஓஸின் மேல் வைத்து, இரு வால்களையும் இடப்பக்கமாக இறக்கி, அடியில் கொண்டுபோய், வலப்பக்கமாக மேலேற்றி, கண்ணிக்கு அடியில் நுழைத்து இடப்பக்கம் எடுங்கள். மாட்டின் கழுத்தில் போடும் சுருக்குப் போலவே இது அமையும். அதே வழியில் இன்னொரு சுற்றுச் சுற்றி வால்களை மறுபடி கண்ணிக்குள் நுழைத்து எடுங்கள். இப்போது ஓஸைச் சுற்றி நான்கு இழைகள் இருக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கட்டும்.

குறடால் வால்களைப் பிடித்து, கையால் எவ்வளவு தளர்ச்சியை எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிடுங்கள். கருவியின் நட்டை மூக்கிலிருந்து ஐந்து ஆறு செ.மீ. தூரத்தில் நிறுத்தி, மூக்கின் பள்ளத்தைக் கண்ணியின் உட்புறத்தில் மாட்டுங்கள். போல்ட் இடப்பக்கம் நீண்டிருக்க வேண்டும். ஒரு வால் போல்ட்டின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாகச் சென்று பட்டையின் சிறு துளைகளில் நுழைந்து, பட்டையின் கைகளில் இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கட்டும். இரண்டும் ஒரே அளவு விறைப்பாக இருக்கின்றனவா என்று விரலால் சுண்டிப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் மற்றது மட்டுமே சுமையைத் தாங்கி அறும்.

இனி நட்டைப் பட்டை பின்னே போகும் திசையில் திருகுங்கள். கம்பி ஓஸில் பதிந்து, ரப்பர் கம்பியின் இருபுறமும் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். கருவியைத் தலைப்பக்கமாகத் தூக்கி, கண்ணியின் மேலாக வலப்பக்கம் மெதுவாகப் புரட்டிப் படுக்க வையுங்கள். வால்கள் கண்ணியின் மேல் முழுவதும் மடிந்தபின் நட்டைத் தளர்த்தி, மடிப்பிலிருந்து 6 மி.மீ. விட்டு வால்களை வெட்டி, வெட்டிய முனைகளைக் குறடால் கண்ணிக்குக் கீழ் அழுத்தி மறைத்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலால் விடுபவர்களின் கையும் வேட்டியும் கிழியும்.

இறுக்கும்போது கம்பி பட்டுன்னு அறுந்துடுதே?

மரையின் பலத்தைக் கை உணர்வதில்லை என்பதே காரணம். 8 மி.மீ. போல்ட்டில் நட்டின் ஒரு முழுச்சுற்று பட்டையை 1.25 மி.மீ. மட்டுமே நகர்த்துகிறது. ஆகவே 10 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 2 கிலோ எடையளவுக்கு அழுத்தினாலே, கம்பியில் 100 கிலோவுக்கு மேற்பட்ட இழுவை உண்டாகிவிடும். மிருதுவான இரும்புக் கம்பி 16 கேஜில் ஒரு வாலுக்கு ஏறக்குறைய 80 கிலோவும், 18 கேஜில் 45 கிலோவும் தாங்கும். இரண்டு வால் சேர்ந்து 18 கேஜில் 90 கிலோதான். கணக்கைப் பார்த்தால் அது ஏன் அறுகிறது என்று புரியும்.

ஸ்பேனரைக் கைப்பிடியாகப் பற்றாமல் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் கொண்டு திருகுங்கள். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், இழுவை எங்கே கூடுகிறது என்பது விரலுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், துளையின் விளிம்பில் அறுந்தால், அந்த விளிம்பை மழுக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இறுக்கும்போது நல்லா இருக்கு. புரட்டினதும் லூசாயிடுது. ஏன்?

பெரும்பாலும் புரட்டுவதற்கு முன்பே, அல்லது பாதி புரட்டியதும், நட்டைத் தளர்த்திவிடுகிறார்கள். கருவி மறுபக்கம் முழுவதும் படியும்வரை நட்டில் கை வைக்கக் கூடாது. புரட்டும்போது மூக்கு கண்ணியிலிருந்து நழுவாதபடி இடது கட்டைவிரலால் அதை அழுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் மூக்கு தடியாக இருப்பது. வால்கள் மூக்கைச் சுற்றித்தான் மடிகின்றன. மூக்கு எவ்வளவு தடியோ அவ்வளவு தளர்ச்சி, கருவியை எடுத்தபின் கட்டில் தங்கும். அதனால்தான் மேலே நுனியை மெலிக்கச் சொன்னேன். சிறிதளவு தளர்ச்சி எப்படியும் இருக்கும். அதற்காகத்தான் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முதலில் இறுக்குகிறோம்.

கண்ணி இருக்கிற பக்கம் ஒழுகலை, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒழுகுது.

நல்ல கேள்வி, கவனித்துப் பார்ப்பவர்களே இதைக் கேட்கிறார்கள். கருவி கம்பியை இரு முனைகளில் இழுக்கிறது. ரப்பரின் மேல் சுற்றிய கம்பிக்கு உராய்வு அதிகம் என்பதால், அந்த இழுவை ஓஸின் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிவிடுகிறது. மூக்கின் அருகே கம்பி அறுகிற நிலையில் இருந்தாலும், எதிர்ப்பக்கத்தில் விரலால் அசைக்கும்படி இருக்கலாம். சுற்றுகள் கூடக் கூட இந்தக் குறையும் கூடும். எனவே மூன்று சுற்று, நான்கு சுற்று என்று போடுவது பலமல்ல.

கட்டுவதற்கு முன் ஓஸின் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நட்டைக் கொஞ்சம் திருகியதும் நிறுத்தி, சிறு மரத்துண்டால் வளையம் முழுவதையும் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பிறகு மறுபடி திருகுங்கள். தட்டும்போது கம்பி நகர்ந்து இழுவை பரவுவதை, நட்டு திடீரென்று இலகுவாவதிலிருந்து அறியலாம். தட்டியும் நட்டு இலகுவாகாத நிலை வந்தால் இழுவை சமமாகிவிட்டது என்று பொருள்.

கம்பி மெல்லிசா இருக்கே, ஓஸை வெட்டிடாதா?

உள்ளே நூல் பின்னிய கெட்டி ஓஸில் நான்கு இழைகள் பக்கம் பக்கமாகப் படிந்தால் வெட்டாது. 16 கேஜில் அவை சேர்ந்து 6 மி.மீ. அகலத்துக்கு மேல் வரும். ஒற்றைக் கம்பியால் ஒரே சுற்றுக் கட்டினால்தான் வெட்டும். நூல் இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் ஓஸிலும், சுருட்டி வைக்கும் தட்டை ஓஸிலும், அடியில் பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிச் சுற்றிக்கொண்டு அதன் மேல் கட்டுங்கள்.

சக்‌ஷன் ஓஸ்ல வெளியில சுருள் வரி இருக்கு. கம்பி படியவே மாட்டேங்குது.

அந்த வரி திருகுபோல ஏறிச் செல்வது. கட்டு நேர் வட்டமாக அமைய வேண்டியது. கம்பியை வரிப்பள்ளத்தில் விட்டால் சுற்று முடியும்போது தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. வரிக்குக் குறுக்கே விட்டால் மேட்டில் மட்டும் தொட்டுப் பள்ளத்தில் தொங்கும். ஓஸின் முனையைச் சிறிது நேரம் கொதிக்கவைத்த நீரில் முக்கி இளக்கிக் காலரில் ஏற்றுங்கள். பிறகு சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்துப் பள்ளம் நிரம்பும்வரை சுற்றி, மேல்பரப்பு சமமானதும் அதன்மேல் இரண்டு கட்டுகளை ஒரு விரல் இடைவெளியில் போடுங்கள். இரண்டு கட்டுகளின் கண்ணிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கட்டும். காரணம் எதிர்ப்பக்க ஒழுகல் பற்றிய விடையில் இருக்கிறது.

தண்ணி ஒரு சொட்டுக்கூட ஒழுகலை. ஆனா மோட்டார் தண்ணி எடுக்காம காத்து வாங்குதே?

உறிஞ்சும் பக்கத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல் இது. மோட்டாரை ஓடவிட்டு, கட்டின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடமே ஓட்டை. அங்கே கட்டின் இறுக்கத்தைவிடச் சமமாகப் படிவதே முக்கியம். கட்டு நன்றாக இருந்தும் நீர் நிற்கவில்லையென்றால், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட் வால்வைப் பாருங்கள்.

எவ்வளவு பிரஷர் தாங்கும்?

ஓஸைக் காலரிலிருந்து பிடுங்கும் விசையை வைத்துக் கணக்கிடுங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்ற, ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் ஒரு அங்குல ஓஸில் பிடுங்கும் விசை ஏறக்குறைய 10 கிலோ. அதே அழுத்தத்தில் இரண்டு அங்குல ஓஸில் அது 40 கிலோ ஆகிவிடும். விட்டம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாசன வேலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டும், இரண்டு அங்குலத்துக்கு இரண்டு கட்டும் போடுங்கள். முள்வரி இல்லாத வழுவழுப்பான குழாயில் எந்தக் கட்டையும் நம்ப வேண்டாம்.

டிராக்டர் ரேடியேட்டர் ஓஸுக்குப் போடலாமா?

வழியில் நின்றுவிட்டால், இஞ்சின் நன்றாக ஆறியபின் போட்டு வீடுவரை ஓட்டி வரலாம். நிரந்தரமாக விட வேண்டாம். அந்த ஓஸ் நாள்தோறும் சூடாகி ஆறுவதால் ரப்பர் அழுந்தித் தளரும். திருகு கிளிப்பை மறுபடி இறுக்கலாம். கம்பிக் கட்டை இறுக்க வழியில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

அப்போ கேஸ் அடுப்பு ஓஸ், பெட்ரோல் ஓஸ்?

கூடாது. பிரேக் எண்ணெய்க் குழாய்க்கும் கூடாது. இவற்றில் சிறு கசிவும் உயிர்ச்சேதத்தில் முடியும். அடுப்பு ஓஸ் தளர்ந்திருந்தால் அதைக் கட்ட முயலாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு, தரக்குறி உள்ள புது ஓஸாக மாற்றுங்கள்.

கழட்டின கம்பியை மறுபடி பயன்படுத்தலாமா?

வேண்டாம். கண்ணியிலும் மடிப்பிலும் அது ஏற்கெனவே கெட்டிப்பட்டிருக்கும்.

ஓஸ் தவிர வேற எதுக்கு உதவும்?

வெடித்த மண்வெட்டிக் காம்பைக் கட்ட இது மிகவும் ஏற்றது. மரத்தில் உராய்வு ரப்பரைவிடக் குறைவு என்பதால் இழுவை நன்றாகப் பரவும். வெடிப்பில் மரப்பசை விட்டு, மூன்று நான்கு இடங்களில் கட்டி, பசை காயும்வரை விட்டுவிடுங்கள். கண்ணி கைபடாத பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்பேனர் கம்பியில இடிக்காத மாதிரி செய்ய முடியாதா?

முடியும், வேலை கொஞ்சம் கூடும். 16 மி.மீ. சதுரக் குழாயில் 100 மி.மீ. துண்டை எடுத்து, எதிரெதிரான இரண்டு முகங்களில் 50 மி.மீ. நீளத்துக்கு நீள்துளை வெட்டுங்கள்; வரிசையாகத் துளைகள் போட்டு அரத்தால் சேர்த்தால் போதும். குழாய்க்குள் 8 மி.மீ. மரைத்தண்டு ஒன்றை விட்டு, அதன் முன்முனையில் துளையிட்டுக் குறுக்கே 4 மி.மீ. ஆணியைச் செருகினால், ஆணி நீள்துளை வழியே இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். வால்களை அந்த ஆணியில் சுற்ற வேண்டும். நட்டு குழாயின் பின்முனையில், வாஷருக்குப் பின்னால் வருவதால் கம்பிக்கும் ஸ்பேனருக்கும் தொடர்பே இல்லை. குழாயின் முன்முனையை நசுக்கித் தட்டையாக்கி, அதில் மூக்குப் பள்ளத்தை அறுத்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் பல கட்டுகள் போடும் பம்பு மெக்கானிக்குக்கு இது தகும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் முதலில் சொன்ன பட்டைக் கருவியே போதுமானது. அதில் கை பழகியபின் இதைச் செய்யலாம்.